செனட்டருக்கு இருபத்து நான்கு வயது

அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் இரண்டேகால் மணி. ஜூலை வெயில். பேய்க் கதைக்கு நள்ளிரவு வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவேன். என்னைப் பார்க்க நினைக்கும் பேய்கள் அலுவலக நேரத்தில்தான் வந்தாக வேண்டும்.

சோளக் காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு ஒரு சரளைப் பாதை போனது. அது முடியும் இடத்தில் வெள்ளைச் சாயம் உரிந்த மரவீடு. பாதையின் வாயிலில் ஒரு தகரத் தபால் பெட்டி. பெயர் இல்லை, எண் மட்டும்: 4417. வண்டியை நிறுத்தி இறங்கி அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தேன். தபால் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் யாருடைய முகவரியையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது என் தொழில் வழக்கம்.

தொழில் என்னவென்று சொல்ல வேண்டும். ஓஹாயோவில் மூன்று மாவட்டங்களுக்கு முப்பத்தொரு வருடம் டெலிபோன் டைரக்டரி தொகுத்தவன் நான். பெயர் லோவெல் பிரெண்டிஸ். எங்கள் அலுவலகச் சுவரில் மேலாளர் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதி மாட்டியிருந்தார்: முகவரி இல்லாத பதிவு பதிவே அல்ல. ஒரு வருடம் ஒருவருடைய பெயரைத் தவறவிட்டுவிட்டேன். புத்தகம் வெளியான மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்து, வீட்டில் மனைவியே தன்னை யாரென்று கேட்கிறாள் என்று அழுதார். அடுத்த பதிப்பில் சேர்த்தேன். சரியாகிவிட்டது.

புத்தகத்தை நிறுத்திய பிறகு கணினிக்கு மாறினேன். பள்ளிக்கூட ஒன்றுகூடலுக்குப் பழைய மாணவர்கள், வக்கீல்களுக்குக் காணாமல் போன வாரிசுகள் என்று தேடிக் கொடுப்பேன். வாக்காளர் பட்டியல், வீட்டுப் பத்திரம், வழக்குப் பதிவு, திருமணப் பதிவு, மீன்பிடி உரிமம் எல்லாம் ஊர் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன. அத்தனையையும் வாரிச் சேர்த்து வைத்திருக்கும் ஆள் தேடும் தளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தான் எங்கே இருக்கிறோம் என்று தனக்கே தெரியாத ஒருவரை ஒருமுறை கண்டுபிடித்து அவருக்கே தெரிவித்தேன். நன்றி சொல்லிக் கடிதம் எழுதினாராம். தப்பான முகவரிக்கு.

அந்த வீட்டுக்கு என்னை அனுப்பியது டெல்மர் ஹாஸ். நாற்பது வருட நண்பன். ஒவ்வொரு செவ்வாயும் காலை எட்டு மணிக்கு ஊர் உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவோம். எங்களுக்குள் உடையில் மட்டும்தான் வித்தியாசம். அவன் அகலமான தோல் பெல்ட் போடுவான். நான் தோள்வார் மாட்டுகிறவன். பேண்ட்டைத் தோளிலிருந்து தாங்கும் வார்தான் எனக்குச் சரி, என் வயிறு பெல்ட்டை மதிப்பதில்லை. இருபது வருடமாக என் வீட்டில் பெல்ட் என்று ஒன்று கிடையாது.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய், அவன் முட்டையைத் தொடவே இல்லை.

"லோவெல், எனக்கு ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும்டா."

"இந்த வயசுல எதுக்குடா பொண்ணு தேடுற?"

"கோரினை."

நான் முட்கரண்டியைக் கீழே வைத்தேன். கோரின் அவனுடைய ஒரே மகள். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், ஒரு காலை நேரத்தில் வீட்டை விட்டுப் போனவள். அதன் பிறகு ஒரு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை.

"டாக்டர் கையை விரிச்சிட்டார்டா. ஈரல் முழுக்கப் போச்சாம். கிறிஸ்மஸ் பார்க்க மாட்டேன். அவளுக்கு ஒரு லெட்டர் போடணும். மன்னிச்சுக்கம்மான்னு ரெண்டே வரி."

"எதுக்கு மன்னிப்பு? அவ ஏன் போனான்னு நீ சொன்னதே இல்லையே."

"பத்தொம்போது வயசுல பொண்ணுங்க ஏன் போகும்? கோவம்தான்."

அழுதான். அவன் அம்மாவை அடக்கம் செய்தபோதே கையில் சாண்ட்விச்சோடு நின்றவன் டெல்மர். காப்பி ஊற்ற வந்த பெண்மணி பார்த்துவிட்டு, "என்ன பெருசுங்களா, முட்டை அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வாரம் தேடினேன். கோரின் ஹாஸ் என்று உலகத்தில் ஒருத்தியும் இல்லை. வாக்கு இல்லை, தொலைபேசி இல்லை, வண்டி இல்லை, வீடு இல்லை. இப்படிச் சுத்தமாக மறைந்தவளை நான் பார்த்ததில்லை. தொழில் முறையில் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. கடைசியில் டெல்மரிடம் கேட்டேன், "போகும்போது எதையாவது எடுத்துட்டுப் போனாளா?"

"நாய்க்குட்டியை எடுத்துட்டுப் போனா. ஒரு வயசுக் குட்டி. செனட்டர்னு பேரு. ஒரு வேலையும் செய்யாது, நல்லா சாப்பிட்டுட்டு நாள் பூரா தூங்கும். அதான் அந்தப் பேரு வச்சா."

எங்கள் ஊர்ப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் வருடா வருடம் உரிமம் புதுப்பித்து, கழுத்தில் மாட்ட எண் போட்ட வில்லை வாங்க வேண்டும். தெருவில் நாய் அலைந்தால் எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பதால் அந்தப் பட்டியலும் திறந்தே இருக்கும். தன்னை ஒளிக்கிறவர்கள் நாயை ஒளிப்பதில்லை. மாவட்டம் மாவட்டமாகத் துழாவினேன். மூன்று மணி நேரத் தொலைவில், வடமேற்கில் ஒரு மாவட்டத்தில் அந்த வரி கிடைத்தது.

உரிமையாளர்: சி. ஆல்ட்மன். நாய்: செனட்டர். ஆண், கறுப்பு. வயது: 24.

ஆங்கிலத்தில் கோரினின் முதலெழுத்து சி. ஆல்ட்மன் என்பது அவளுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். வயதைப் பார்த்துச் சிரித்தேன். எழுத்தரின் விரல் தடுமாறியிருக்கும். முப்பத்தொரு வருடம் அச்சுப்பிழையோடு குடும்பம் நடத்தியவனுக்கு அது கண்ணில் பட்டாலும் மனதில் படுவதில்லை.

அடுத்த செவ்வாய் டெல்மரிடம் பீற்றிக்கொண்டேன். மடிக்கணினியைத் திறந்து, அவன் பக்கத்து வீட்டு நாயையே தேடிக் காட்டினேன். ஆள் தேடும் தளத்தில் பெயரை எங்கே போடுவது, பக்கத்தை எப்படித் திறப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தொலைக்காட்சியைப் போடவே ஆள் கூப்பிடுகிறவன் அவன். காகிதக் கைக்குட்டையில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டான்.

"அட்ரஸ் குடுடா."

"பெட்டியைப் பார்த்துட்டு வந்து தரேன்."

அப்படித்தான் 4417-க்கு வந்தேன்.

வலைக்கதவுக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்.

"லோவெல் மாமா."

வலைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். நாற்பத்திரண்டு வயது ஆகியிருக்க வேண்டும், முப்பதுக்கு மேல் மதிக்க முடியவில்லை. காலடியில் கறுப்பு நாய், முன்னங்கால் ஒன்று மட்டும் காலுறை மாட்டியது போல வெள்ளை. அந்த வெயிலில் எனக்கே நாக்கு தொங்கியது. நாய் வாயைத் திறக்கவே இல்லை. மூன்று வாரமாக மழை இல்லாத ஊரில், நனைந்த நாயின் வாடை அடித்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சேன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு தெரியும். வேற யாராலயும் முடியாது." குரல் தாழ்ந்தே இருந்தது. "அப்பா அனுப்பினாரா?"

"உடம்பு சரியில்லம்மா அவனுக்கு. மன்னிப்புக் கேக்கணுங்கறான்."

அவள் குனிந்து நாயின் காதைத் தடவினாள்.

"மாமா, எங்க வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருப்பீங்க?"

"எண்ண முடியுமா? நூறு இருக்கும்."

"அப்பா தட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கும்?"

ஞாபகம் வந்தது. பெல்ட். சாப்பிட உட்காரும்போது கழற்றி, நத்தை போலச் சுருட்டி, தட்டுக்கு வலது பக்கம் வைப்பான்.

"வயித்துக்கு இடம் விடறார்னு நீங்கதான் ஜோக்கடிச்சீங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் அம்மாவும்கூட. சிரிக்கலைன்னா நீங்க கிளம்பினதும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் நல்ல நகைச்சுவைக்காரன் என்று ஊரில் பெயர். அந்த நகைச்சுவையை நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

"சொல்லிடாதீங்க மாமா. இந்த ஒரு இடம்தான் அவருக்குத் தெரியாது."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நாய் என் பின்னாலேயே தபால் பெட்டி வரை வந்தது. சரளையில் என் காலடி மட்டும்தான் கேட்டது.

மூன்று செவ்வாய் தாக்குப் பிடித்தேன். முகவரி தப்பு, காலி வீடு என்று டெல்மரிடம் பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை, திட்டவும் இல்லை. நான்காவது செவ்வாய், ஊன்றுகோலோடு வந்தான். முகம் மஞ்சளாக இருந்தது. ஒட்டிய உறை ஒன்றை மேசையில் வைத்தான். மேலே முகவரி இல்லை.

"எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்டா. நீயே அட்ரஸ் எழுதி, நீயே பெட்டியில போடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். சாகப் போறவன் கேக்கறேன்."

உண்மையாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யோசித்தேன். சத்தியம், அவனிடம் சொல்ல மாட்டேன் என்றுதானே? சொல்லவில்லையே. மேசை ஈரமாக இருந்ததால் காகிதக் கைக்குட்டை இரண்டை விரித்து, அதன் மேல் உறையை வைத்து எழுதினேன். மூன்று படிவத்துக்கு ஒரே நேரத்தில் பதியும்படி அழுத்தி எழுதிப் பழகிய கை எனக்கு. எழுதி, அப்போதே தெருமுனைப் பெட்டியில் போட்டேன். திரும்பி வந்தபோது டெல்மர் போயிருந்தான். மேசை சுத்தமாக இருந்தது.

கைக்குட்டைகளையும் காணவில்லை.

அன்று எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் செத்துப்போன செய்தி வந்தது. ஈரலால் அல்ல. இதயம் நின்றுவிட்டதாம். அறுத்துப் பார்த்தவர், ஈரல் கன்றுக்குட்டி ஈரல் போலப் பழுதில்லாமல் இருந்தது என்றாராம். அவன் எந்த வைத்தியரிடமும் போகவே இல்லை. ஊன்றுகோலும் முகத்து மஞ்சளும் வேஷம். இறந்த இடம் மட்டும் எனக்குப் புதிதாக இல்லை: சோளக் காட்டுக்கு நடுவே, 4417.

சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தபால் பெட்டியருகே அஞ்சல் வண்டி நின்றது. அதில் தபால் கொண்டு வருகிறவளுக்கு நாடின் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். அவள்தான் டெல்மரின் உடலை முதலில் கண்டவள்.

"நீங்க அந்த ஆளுக்குச் சொந்தமா?"

"சிநேகிதன்."

"நல்ல சிநேகிதன் பிடிச்சீங்க. கார்லயே உக்காந்திருந்தாரு. கண்ணு வீட்டையே பார்த்துட்டு. நாலு கதவும் உள்ள பூட்டியிருந்துச்சு. வெளிய நாலு கதவுலயும் சேத்துல நாய்க்கால் தடம். மழையே கிடையாது, சேறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு போலீஸ்காரங்க மண்டையைச் சொறியறாங்க."

"பக்கத்து சீட்டுல ஏதாவது இருந்துச்சா?"

"ஒரு டிஷ்யூ பேப்பர். மேல பென்சிலைத் தேய்ச்சு விட்டு, இந்த அட்ரஸ் வெள்ளையாத் தெரியற மாதிரி. அப்புறம் ஒரு பெல்ட்டு, சுருட்டி வச்சிருந்துச்சு."

நான் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். சுட்டது.

"அதே எழுத்துல இந்தக் கவரும் வந்துச்சு. அனுப்பினவர் லோவெல் பிரெண்டிஸ்னு இருக்கு, நீங்கதானே?" என் உறையைக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போங்க. இங்க வாங்கிக்க ஆளில்ல."

"அந்தப் பொண்ணு?"

அவள் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு செத்து எட்டு வருஷம் ஆச்சுங்க. நிமோனியா. நாய் அதுக்கும் மூணு வருஷம் முன்னாடியே போயிடுச்சு. வீடு அப்படியே கிடக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு கவர்தான் இங்க போடுவேன், நாய் வில்லை. ஆபீஸ்ல யாரோ நிறுத்த மறந்துட்டாங்கன்னு நினைச்சுக்குவேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மறுநாள் வந்து பார்த்தா பெட்டி காலியா இருக்கும்."

அவள் போன பிறகு உறையைக் கிழித்தேன். உள்ளே ஒரு வெள்ளைத் தாள். இரு பக்கமும் ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக் கதவு பூட்டவில்லை. தரையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசு. எட்டு வருடத்துக்கு முந்தைய நாள்காட்டி. ஆணியில் நாய் வில்லைகள் கோத்துத் தொங்கின. அடியில் இருந்தவை துருப்பிடித்திருந்தன. மேலே இருந்த எட்டும் பளபளவென்று புதிதாக இருந்தன.

"கோரின், நான் சொல்லலைம்மா," என்றேன் அந்த வெற்று அறையில். சொன்ன பிறகு எனக்கே கேவலமாக இருந்தது.



வண்டியைக் கிளப்பினேன். முதல் திருப்பத்தில் நனைந்த நாயின் வாடை வந்தது. பின்னிருக்கையில் ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, பெருமூச்சு விட்டுப் படுத்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாலை விதிகளை மதிக்கிறவன்.

வீட்டுக்கு வந்து சாவியைப் போடும்போது, காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அந்த வீடு அவருக்குத் தெரிஞ்சு போச்சு மாமா. இங்க இருந்துக்கறேன்."

அவர் செத்துவிட்டாரே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிக்கொண்டிருப்பது யாரிடம் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பிரம்மச்சாரி வீடு, இடத்துக்குப் பஞ்சமில்லை. சமையலறை மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். காலையில் பாதி குறைந்திருக்கும். மத்தியானம் கணினி முன் உட்கார்ந்தால், தரையில் டக் டக்கென்று நகங்கள் நடந்து வந்து என் கால்மாட்டில் நிற்கும். ஊரில் பல பேருடைய உறவினர்களைவிட அமைதியான விருந்தாளிகள். பயமா என்றால், முதல் மாதம் இருந்தது. பிறகு வெட்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. என்னை மறுபடி நம்பி வந்திருக்கிறாள். உயிரோடு இருந்தபோது மேசையில் பெல்ட்டைக் கண்டு சிரித்தேன், செத்த பிறகு அவள் முகவரியை அழுத்தி எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

அவளுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான். தளம் தளமாகப் போய்க் கோரின் ஆல்ட்மன் என்ற பெயரை அழித்தேன். அவர்களிடம் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. பெயரை நீக்க வேண்டுமென்றால், அது அவர்தான் என்று உறுதிசெய்ய, தற்போதைய முகவரியைக் கேட்கும். முப்பத்தேழு தளங்கள். முப்பத்தேழு கட்டங்கள். முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பொய்யாக நிரப்பியும் பழக்கமில்லை.

முப்பத்தேழு தடவையும் என் வீட்டு முகவரியை எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து, செருப்புக் கடை விளம்பரம் ஒன்று தபாலில் வந்தது. "கோரின் ஆல்ட்மன், அல்லது தற்போது குடியிருப்பவர்." அடுத்து விதை வியாபாரி. அடுத்து காது கேட்கும் கருவி. ஓடிப் போய்க் கணினியைத் திறந்தேன். பழைய பக்கங்கள் போயிருந்தன. எல்லாத் தளத்திலும் புதிதாக ஒரு பக்கம் முளைத்திருந்தது. பெயர், வயது, என் தெரு, என் எண். நீக்கக் கொடுத்ததை அப்படியே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது.

பிறகு மின்னஞ்சல்கள் தொடங்கின. "கோரின் ஆல்ட்மன் அவர்களின் பக்கத்தை இந்த வாரம் ஒருவர் பார்த்துள்ளார்." யார் என்று போடவில்லை. நாளும் நேரமும் மட்டும் இருந்தன.

செவ்வாய், காலை எட்டு மணி.

அடுத்த வாரமும் செவ்வாய், எட்டு.

அதற்கடுத்த வாரமும்.

உணவகத்துக்குப் போய் எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். எதிர் இருக்கையில் யாரும் இல்லை. காப்பிப் பெண்மணி மட்டும், "காகிதக் கைக்குட்டையை எல்லாம் என்னதான் பண்றீங்க பெருசு? வாராவாரம் இந்த மேசையில மட்டும் காலியாகுது," என்றாள்.

இன்று செவ்வாய். உணவகத்துக்குப் போகவில்லை. வீட்டிலேயே முட்டை பொரித்து மேசையில் வைத்துவிட்டு, எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கீழே, இந்த முகவரியில் வசிப்பவர்கள் என்று ஒரு வரி உண்டு. இதுவரை இரண்டு பெயர்கள் இருந்தன.

லோவெல் பிரெண்டிஸ். கோரின் ஆல்ட்மன்.

இன்று மூன்று.

மூன்றாவது பெயரை முழுதாகப் படிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் 'ஹ' வரிசையில் நானே அச்சுக்கு ஏற்றிய பெயர்.

சமையலறையில் கிண்ணம் கவிழும் சத்தம் கேட்டது. இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடக் குரைக்காத செனட்டர் உறுமியது.

எழுந்து வாசலருகே போனேன். என் தோளுக்குப் பின்னால், குளிர்ந்த மூச்சு.

"மாமா... மறுபடியும் சொல்லிட்டீங்களா?"

மேசையில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது. தட்டுக்கு வலது பக்கம், நத்தை போலச் சுருட்டி வைத்த ஒரு தோல் பெல்ட்.

முன்பே சொன்னேன். நான் தோள்வார் மாட்டுகிறவன்.